பேர் வெட்டிய கத்தி

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி ஆடி அசைந்து பின்னால் வரும். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் பதிலுக்குக் கத்திப் பார்த்தார். இப்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். போன வியாழக்கிழமை காலையிலும் அப்படித்தான் கிளம்பினார். அன்றைக்கு மட்டும் அவர் இருந்து என் வாயைப் பொத்தியிருக்கலாம்.

என் வேலை கொஞ்சம் வேடிக்கையானது. பழைய கத்திகளைப் பார்த்து நிலைமை சொல்வேன். வெளிநாட்டில் கையால் அடித்த கத்திகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிற ஆட்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் ஒன்று கிடைத்தால் எனக்கு அனுப்புவார்கள். துரு மேலோட்டமா, உள்ளே இறங்கிவிட்டதா, முனை உடைந்து திருத்தியதா, கைப்பிடி பழசா மாற்றியதா, எத்தனை கை அதைத் தீட்டியிருக்கிறது என்றெல்லாம் பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பேன். கத்தியை எப்படி வைத்துக்கொள்வது என்று யூடியூபில் வீடியோவும் போடுகிறேன். இதற்கு முன்னால் மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் குவாலிட்டி செக்கிங். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை.

வியாழக்கிழமை ஜெயக்குமார் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினான். மாமல்லபுரத்தில் காபிக்கடை நடத்துகிறவன், அவனும் கத்திப் பைத்தியம்தான். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "அக்கா, இங்க ஒரு அண்ணாத்த குடுத்துகீறாரு. விக்கறதுக்கு இல்லியாம். இது தேறுமா தேறாதா, அது மட்டும் நீ சொல்லணுமாம். அவருக்கு ரொம்ப முக்கியம்கா."

முதல் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஜப்பானில் அடித்த கத்தி. தகட்டின் மேலே கொல்லனின் முத்திரை. அந்த முத்திரைக்குப் பக்கத்திலேயே, பாத்திரக் கடை மெஷினால் புள்ளி புள்ளியாக 'ஆ. ரேணுகா' என்று வெட்டியிருந்தது. என் பேரும் ரேணுகாதான். ஆனால் என் அப்பா ஜானகிராமன், என் இனிஷியல் ஜா. இது வேறு எந்த வீட்டு ரேணுகாவோ. இரண்டாவது படம் அதைவிட மோசம், விளிம்பை மட்டும் கிட்டத்தில் எடுத்தது. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பின்பக்கத்தின் ஓரம் முழுக்கத் தாறுமாறான கீறல். யாரோ தெரியாத்தனமாகக் கல்லில் தேய்த்து வைத்திருந்தார்கள்.

மைக்கை அழுத்தினேன்.

"டேய் ஜெயக்குமாரு, யார்ரா அந்த ஆளு? அறிவு கீதா அவனுக்கு? இது இன்னா எவர்சில்வர் சொம்பா, பேர் வெட்டறதுக்கு? பேர் வெட்டினவன் கையையும், கல்லுல தேச்சு நாசம் பண்ணவன் கையையும் சேத்து ஒடிக்கணும்டா. கத்திய வெச்சுக்கத் தெரியாதவனுக்கெல்லாம் கத்தி எதுக்கு? தேறாது. எடைக்குப் போடச் சொல்லு!"

அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. 'அறிவு கீதா' என்ற என் குரலே காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அது என் வார்த்தை இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என்னைப் பார்த்து ஒருத்தன் சொன்னது.

பேர் வெட்டுவது நம் வீடுகளில் புதிதில்லை. படாளத்தில் என் பிறந்த வீட்டில் குடத்திலிருந்து ஸ்பூன் வரை பேர் இல்லாத பாத்திரம் ஒன்றும் கிடையாது. விசேஷத்துக்கு இரவல் போனது பேர் இருந்தால்தான் வீடு திரும்பும். நமக்கு வேண்டிய பொருளென்றால் அதில் பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் தம்பி ஆனந்தன் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்த வருடம் அது. அவன் இடக்கைக்காரன். 'பீச்சாங்கை' என்று வீடே கேலி செய்யும். அந்தக் கையால் சோற்றைத் தொட்டால் அம்மா கரண்டிக் காம்பால் தட்டுவாள். ரிசார்ட்டில் இருந்த ஜப்பான்காரச் சமையல்காரரும் இடக்கைக்காரர். அவர் ஊருக்குத் திரும்பும்போது தன் கத்தியை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். மீனைத் தாள் தாளாகச் சீவுகிற நீளக் கத்தி. ஒரு பக்கம் மட்டும்தான் சரிவு. மறுபக்கம் தட்டை, நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். சாதாரணமாக வலக்கைக்குத்தான் செய்வார்கள். இது சொல்லிச் செய்தது, சரிவு இடக்கைக்காக மாறி இடப்பக்கம் இருக்கும். ஆனந்தன் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவான்.

எனக்கு ஒரே கவலை. அத்தனை பேர் வேலை பார்க்கிற இடம், எவனாவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? அவன் தூங்குகிற நேரத்தில் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். பாத்திரக் கடையில் தட்டைப் பக்கத்தில் 'ஜா. ஆனந்தன், படாளம்' என்று வெட்டச் சொன்னேன். "இரும்பு கெட்டியா கீதும்மா, மெஷினு முனை போச்சு" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பெருமையாக நீட்டினேன்.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "அறிவு கீதா உனக்கு? இது இன்னா சொம்பா?" என்று தெருவே கேட்கக் கத்தினான். நான் விடுவேனா? "அந்தக் கத்தியையே கட்டிகினு குடும்பம் நடத்து, போ" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது.

மூன்று மாதம் கழித்து சிநேகாவைக் கல்யாணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றான். அவள் மாமல்லபுரம் பக்கம் ஒரு காலனிப் பெண், சர்ச்சுக்குப் போகிற குடும்பம், ரிசார்ட்டில் கூட வேலை பார்த்தவள். அப்பா கதவைச் சாத்தினார். நான் உள்ளேதான் இருந்தேன். என் பேச்சை அப்பா தட்டமாட்டார், அது அவனுக்கும் தெரியும். 'சொம்பு என்று கத்தினாய் இல்லையா, படு' என்று நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான். பிறகு அவனுக்குக் குழந்தை பிறந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை.

கத்தியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். அவன் அப்படிக் கத்தியதில் நியாயம் இருந்ததா என்று தெரிந்தாக வேண்டும் போல இருந்தது. படித்தேன். நியாயம் இருந்தது. அதைப் போய் அவனிடம் சொல்லும் அளவுக்கு எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை ஜெயக்குமார் பைக்கில் வந்து இறங்கினான். கையில் ஒரு மரப்பெட்டி.

"நான்தான் தேறாதுன்னு சொன்னேனேடா?"

"சொன்னேன்கா. ஆனா கையில புடிச்சுப் பாத்துட்டு சொல்ல சொல்லுன்னாரு. ஒரே ஒரு தடவ பாருக்கா."

பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு சாக்பீஸ். பழைய வேட்டித் துணியில் சுற்றிய கத்தி. துணியில் எண்ணெய் இருந்தது, ஆனால் தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை இல்லை. மருந்துக்கடையில் விற்கிற லிக்விட் பாரஃபின். சாக்பீஸ் ஈரத்தை இழுக்கும், பாரஃபின் கெடாது, வேட்டித் துணி கீறாது. மூன்றும் நான் வீடியோவில் வாய் ஓயாமல் சொல்கிறவை. யாரோ என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆளையா எடைக்குப் போடச் சொன்னேன் என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

துணியைப் பிரித்தேன். உப்புக் காற்றில் இருக்கிற கத்தியென்றே சொல்ல முடியாது. 'ஆ. ரேணுகா' என்ற எழுத்தில் ஒவ்வொரு புள்ளியும் துரு இறங்க ஒரு வழி. ஒரு புள்ளியில்கூடத் துரு இல்லை. ஊசி முனையில் துணி சுற்றித் துடைத்திருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துச் சரிவைப் பார்த்தேன்.

சரிவு இடப்பக்கம் இருந்தது.

நிதானமாகப் பார்த்திருந்தால் வியாழக்கிழமை படத்திலேயே இது தெரிந்திருக்கும். நான்தான் எழுத்தைப் பார்த்ததும் ஆட ஆரம்பித்துவிட்டேனே. கத்தியைத் திருப்பக் கை வரவில்லை. ஜெயக்குமார் "இன்னாக்கா ஆச்சு?" என்றான். திருப்பினேன். தட்டைப் பக்கத்துக் குழிவில், பன்னிரண்டு வருடப் பழைய புள்ளிகளில், 'ஜா. ஆனந்தன், படாளம்'.

நாற்காலி எங்கே என்று தெரியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் கண் தன் வேலையை விடவில்லை. எட்டு வருடப் பழக்கம் அது. கைப்பிடியில் இடது உள்ளங்கை படுகிற இடம் கறுத்து வழுவழுப்பாக இருந்தது, வருடக்கணக்காக ஒரே கை பிடித்த தடம். விளிம்பிலோ வேலை செய்த தேய்மானமே இல்லை. ஐந்தாறு மாதமாக இந்தக் கத்தி எதையுமே வெட்டவில்லை. பின்பக்கத்துக் கீறல்கள் எல்லாம், இடக்கை தீட்டினால் விழுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. தீட்டியது வலக்கை. ஆனந்தன் தன் கத்தியை இன்னொரு கை தொட விடமாட்டான். நான் தொட்டதற்கே பன்னிரண்டு வருடம். இப்போது வேறு ஒருத்தர் தீட்டுகிறார், வேறு ஒருத்தர் துடைக்கிறார், வேறு ஒருத்தர் துணி சுற்றிப் பெட்டியில் வைக்கிறார்.

"டேய்," என்றேன். "அவன் உயிரோட கீறானா?"

ஜெயக்குமார் மிரண்டுபோனான். "யாரு, ஆனந்தண்ணனா? உயிரோடதான்கா கீறாரு. உனக்கு அவரத் தெரியுமா?"

"அப்ப கத்திய ஏன் அவன் தொடறதில்ல?"

"கைக்கா... ஈசிஆர்ல வண்டி மோதி தோளுகிட்ட நரம்பு அறுந்து பூடுச்சு. ஆறு மாசம் ஆவுது. பீச்சாங்கை தூக்கவே வராது. தொங்கிகினு கீது."

கையை ஒடிக்கணும் என்று நான் சொன்னேன். அதே கை.

"நான் பேசின வாய்ஸ் நோட்டு... அத அவனுக்கு அனுப்பினியா?"

"அப்பவே ஃபார்வர்ட் பண்ணிட்டேனேக்கா. ப்ளூ டிக்கும் வந்துச்சு."

அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. எழுந்து, பால்கனியில் இருந்த தீட்டுக்கல்லைப் பையில் போட்டேன், கத்திப் பெட்டியை மேலே வைத்தேன். "வண்டிய எடு" என்றேன். அடுப்பு அணைத்தேனா என்றுகூடப் பார்க்கவில்லை. கேளம்பாக்கம் வழியாகப் போகும்போது ஜெயக்குமார் ஏதோ பேசிக்கொண்டே வந்தான், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் நடுவழியில் உறைத்தது. ஆ. ரேணுகா. இனிஷியல் அப்பாவின் பேரிலிருந்து வருவது. ஆ என்றால் ஆனந்தன்.

"டேய், அவன் புள்ள பேரு இன்னா?"

"உம்பேருதான்கா. ரேணு ரேணுன்னு கூப்டுவாரு. ரெண்டாவது படிக்குது."

எனக்குக் கத்தத் தோன்றியது. ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன்.

வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மேலே ஓடு போட்டது. ஒரு பெண் குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் இடக்கையில். நான் 'பாப்பா' என்று வாயெடுத்த உடனே நிமிர்ந்து பார்த்தாள்.

"'அறிவு கீதா அவனுக்கு'ன்னு கேட்டது நீங்கதானே?" என்றாள். "எங்கப்பாவத்தான் அப்படிக் கேட்டீங்க. அவருதான் எம்பேர வெட்டினாரு."

செருப்பைக் கழற்றிவிட்டு அவளைத் தாண்டி உள்ளே போனேன்.

ஆனந்தன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மீசையில் நரை. இடக்கை மடியில், அவனுக்குச் சொந்தமில்லாத சாமான் மாதிரி கிடந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"வா," என்றான். "வாய் இன்னும் அப்படியே கீது."

"டேய்... எனக்குத் தெரியாதுடா. உன் கைன்னு தெரியாது."

"தெரிஞ்சா மட்டும் சும்மா இருப்பியா?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கையைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது, ஆனால் அவன் பக்கமிருந்து ஒரு அசைவும் இல்லை. அம்மா கரண்டிக் காம்பால் தட்டும்போதெல்லாம் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிற கை.

"நீயாடா பேரு வெட்டின?" என்றேன். "நீயா?"

"எல்கேஜியில பென்சில பீச்சாங்கையில புடிச்சுதுக்கா. மாத்தச் சொன்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். அன்னிக்கே இந்தக் கத்திய எடுத்துகினு செங்கல்பட்டு போனேன், அதே கடைக்கு. கடைக்காரன் திருப்பிப் பாத்துட்டு, 'ஏற்கெனவே பேரு கீதே சார்'ன்னான். 'அது எங்கக்கா வெட்டினது, நீ இந்தப் பக்கம் வெட்டு'ன்னேன்."

அவன் சொன்னதை நான் இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"எனக்கு இனிமே அத வெச்சு வேல இல்ல," என்றான். "பாப்பாவுக்குதான். அவ கை பெருசாவறவரைக்கும் அது நிக்கணும். அதுக்குதான் தேறுமான்னு கேட்டேன். வேற யார்கிட்ட கேக்கறது?"

அப்போதுதான் சிநேகாவைப் பார்த்தேன். சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்தன்று கதவு இடுக்கு வழியாகப் பார்த்த முகம். இப்போதும் உள்ளே வராமல்தான் நின்றாள், அவள் வீட்டிலேயே. கண் வீங்கியிருந்தது.

"கல்லுல தேச்சது நான்தாங்கக்கா," என்றாள். "இவரு ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்போ ரொம்ப ஒடிஞ்சு போயிருந்தாரு. கத்தியாவது பளபளன்னு இருக்கட்டும்னு... உங்க வீடியோ பாத்துதான் எல்லாம் செஞ்சேன். எண்ணெ, வேட்டித் துணி, சாக்பீஸு. தீட்டறதும் நீங்க சொல்ற மாதிரிதான். ரெண்டு பக்கமும் பத்து, பத்து."

பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் பத்து, பத்து. ஒவ்வொரு வீடியோவிலும் நான் விரலை நீட்டி நீட்டிச் சொல்வது. சாதாரணக் கத்திக்கு அது சரி. ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள கத்தியில் அப்படிச் செய்தால் தட்டைப் பக்கம் பாழ். இது எனக்கு நன்றாகத் தெரியும். என் சேனலில் நூற்றுப் பத்து வீடியோ இருக்கிறது, ஒரு பக்கக் கத்தியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பார்க்கிறவர்கள் பல தடவை கேட்டிருக்கிறார்கள். 'அப்புறம் போடறேன்' என்று தட்டிக்கழித்தேன். அந்தக் கத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இவன் ஞாபகம் வரும், அதுதான் காரணம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது ஒரு தடவைதான் என்று சொன்னேனே, அது பொய். இதிலும் மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"உம்மேல தப்பில்ல," என்றேன். "நாசம் பண்ணது நான்தான். மொதல்ல பேரு வெட்டினேன். அப்பறம் சொல்லித் தர வேண்டியத சொல்லாம வுட்டேன்."

அவள் நம்பாமல் ஆனந்தனைப் பார்த்தாள். நான் கத்தியை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரம் நெடுக ஒரு நகக்கண் அகலத்துக்குக் கீறல், ஆழமில்லை. சமமான கல்லில் தட்டையாக வைத்துப் பொறுமையாக இழுத்தால் ஓரம் மட்டும் தேயும். குழிவில் இருக்கிற 'ஜா. ஆனந்தன்' கல்லில் படாது. பத்து நாள் வேலை, அல்லது இருபது.

"தேறும்," என்றேன். "பாப்பா கை பெருசாவறதுக்குள்ள தேறிடும். ஒரு குண்டான்ல தண்ணி குடு, கல்லு ஊறணும். நீயும் வந்து உக்காரு. இந்தப் பக்கம் இழுக்கறது எப்படின்னு காட்டறேன்."

சிநேகா அலுமினியக் குண்டானில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விளிம்பில் அவள் பேர் வெட்டியிருந்தது. கல் தண்ணீருக்குள் குமிழி விட்டது. குழந்தை வந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு பேர் வெட்டியதற்கு அத்தனை கத்து கத்தியவன் இவன். பின்பக்கத்து ஓரம் முழுசாகப் பாழானதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருந்தான்?

"ஏன்டா," என்றேன், "கத்திய இந்த கோலத்துல பாத்துட்டு நீ அவள ஒண்ணுமே கேக்கலியா? ஒரு வார்த்த திட்டல?"

ஆனந்தன் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கையை வலக்கையால் எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டான்.

"ஒரு தடவ திட்டினேன்க்கா," என்றான். "பன்னண்டு வருசம் பூடுச்சு."

நான் தண்ணீரில் கிடந்த கல்லை எடுத்துச் சிநேகாவின் பக்கம் நகர்த்தினேன்.